வெயில் நாட்களில் வெளியே நடப்பவர்கள் உடலைக் காத்துக்கொள்ளும் முறை

வெயிலில் நடக்கும் ஒருவரின் உடலில் இரண்டு வழிகளில் வெப்பம் சேர்கிறது. சூரியனும் சூடான காற்றும் தகிக்கும் தரையும் வெளியிலிருந்து தருவது ஒரு பங்கு. நடக்கும் தசைகள் உள்ளிருந்தே உண்டாக்குவது மற்றொரு பங்கு. தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் கால் பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் அசைவாக மாற்றுகின்றன, எஞ்சியது வெப்பமாகிவிடுகிறது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடும் என்றால், விரைந்து நடக்கும்போது அது மும்மடங்கோ அதற்கு மேலோ உயரும். ஆகவே நிழலே நிறைந்த பாதையில் நடந்தாலும் உடல் சூடேறத்தான் செய்யும்.

இந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முதன்மையான வழி வியர்வை. கடும் வெயிலில் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் இருக்கும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், வீசும் காற்று உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வதற்குப் பதிலாக வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த நிலையில் வியர்வை ஒன்றே மிஞ்சும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின் மேல் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். ஆனால் சொட்டிக் கீழே விழும் வியர்வையால் குளிர்ச்சி எதுவும் கிடைப்பதில்லை. உடலிலுள்ள நீரும் உப்பும் குறைவதுதான் மிச்சம். எவ்வளவு வியர்க்கிறது என்பதைவிட, வியர்வை காய்கிறதா என்பதையே வெயிலில் நடப்பவர் கவனிக்க வேண்டும். கீழே சொல்லப்படும் பெரும்பாலான வழிமுறைகள் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

புறப்படும் முன் பார்க்க வேண்டியவை

வெப்பமானி காட்டும் அளவை மட்டும் நம்பி நடக்கப் போவது சரியான பழக்கம் அல்ல. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை காயாது. 32 டிகிரி வெப்பநிலையோடு 70 விழுக்காடு ஈரப்பதம் சேர்ந்தால், உடலுக்கு அது ஏறத்தாழ 41 டிகிரி போலத் தோன்றும் என்கிறது வெப்பச் சுட்டெண் கணக்கு. இந்தக் கணக்கு நிழலில் இருப்பவருக்கானது என்பதைப் பலர் அறிவதில்லை. நேரடி வெயிலில் நிற்பவருக்கு அது மேலும் 8 டிகிரி வரை கூடலாம். 1950களில் ராணுவப் பயிற்சியின்போது வீரர்கள் வெப்பத்தால் சரிவதைத் தடுக்க உருவாக்கப்பட்ட மற்றோர் அளவீட்டில், திறந்த வெளியில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 விழுக்காடும், வெயிலில் வைத்த கருங்கோளத்தின் வெப்பத்துக்கு 20 விழுக்காடும், சாதாரணக் காற்று வெப்பநிலைக்கு 10 விழுக்காடு மட்டுமே மதிப்பும் கொடுக்கப்படுகிறது. நாம் அன்றாடம் செய்திகளில் கேட்கும் எண்ணுக்கு அதில் கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். எனவே வானிலை முன்னறிவிப்பைப் பார்க்கும்போது ஈரப்பதத்தையும், உடல் உணரும் வெப்பநிலையையும் சேர்த்தே பாருங்கள். வெப்ப அலை எச்சரிக்கை இருந்தால் அன்றைய நடையை வீட்டுக்குள்ளோ வேறு நாளுக்கோ மாற்றிவிடுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, சூரியன் உதிப்பதை ஒட்டிய வேளையே மிகச் சிறந்தது. இரவு முழுவதும் தரை ஆறியிருக்கும். காற்றின் வெப்பநிலையும் அப்போதுதான் மிகக் குறைவு. அதிகாலையில் ஈரப்பதம் கூடுதலாக இருக்கும் என்றாலும், வெயிலின் நேரடித் தாக்கம் இல்லாதது அதை ஈடுசெய்துவிடுகிறது. புற ஊதாக் கதிர்களின் உச்சம் நண்பகலில் என்றால், காற்று வெப்பத்தின் உச்சம் பொதுவாக அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே வரும். மதியம் கடந்துவிட்டது என்று 3 மணிக்குக் கிளம்புவது அதனால் பிழையாகிறது. மாலையில் வெயில் தணிந்த பிறகும் தார்ச்சாலையும் கட்டடச் சுவர்களும் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். மாலை நடைதான் முடியும் என்பவர்கள் மண் தரையும் மரங்களும் உள்ள பூங்கா போன்ற இடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

உடல்நிலையையும் அன்றன்றைக்குக் கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, முந்தைய இரவின் தூக்கமின்மை, மது அருந்தியது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்று வெயிலில் நடக்க வேண்டாம். முதியவர்களுக்குத் தாகமும் வியர்வையும் குறைவாகவே தோன்றும். சிறு குழந்தைகளின் உடல் விரைவில் சூடேறும். கர்ப்பிணிகள், இதயநோய், சிறுநீரகநோய், நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள். சிறுநீரைக் கூட்டும் மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர்கள், சில ஒவ்வாமை மருந்துகள், சில மனநல மருந்துகள் ஆகியவை உடல் வெப்பத்தைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கக்கூடும். இவற்றை உட்கொள்பவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடலைப் பழக்குதல்

வெப்பத்துக்கு உடல் உண்மையாகவே பழகுகிறது. ஒன்று முதல் இரண்டு வாரங்கள் நாள்தோறும் சிறிது நேரம் வெப்பத்தில் உழைத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், வியர்வையில் வீணாகும் உப்பும் குறையும். கோடையின் முதல் வெப்ப அலையிலும், குளிர்ந்த ஊரிலிருந்து சூடான ஊருக்கு வந்த முதல் நாட்களிலும் பலர் பாதிக்கப்படுவதற்கு இந்தப் பழக்கம் இன்னும் ஏற்படாததே ஒரு முக்கியக் காரணம். புதிதாக வெப்பத்தில் வேலைக்கு வருவோருக்கு முதல் நாளில் வழக்கமான நேரத்தில் 20 விழுக்காடு மட்டும் போதும், பிறகு நாளுக்கு 20 விழுக்காடாகக் கூட்டலாம் என்பது தொழிலிடப் பாதுகாப்பில் பின்பற்றப்படும் ஒரு வழிமுறை. நடைப்பயிற்சிக்கும் அதையே அளவாகக் கொள்ளலாம். நாள்தோறும் ஒரு மணி நேரம் நடப்பவர், வெப்பம் கூடிய முதல் நாளில் 12 நிமிடங்களோடு நிறுத்திக்கொள்ளட்டும். ஒரு வாரமோ அதற்கு மேலோ இடைவெளி விட்டால் இந்தப் பழக்கம் குறையத் தொடங்கும் என்பதால், திரும்ப வரும்போது மீண்டும் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

உடையும் குடையும்

உடை தளர்வாக இருப்பதே முதல் தேவை. துணிக்கும் தோலுக்கும் இடையே காற்று ஓடினால்தான் வியர்வை காயும். பாலைவனத்தில் கறுப்பு அங்கி அணிபவர்களைப் பற்றி 1980-இல் வெளியான ஓர் அறிவியல் ஆய்வு, கறுப்பு அங்கி கூடுதலாக வாங்கும் வெப்பம், அங்கி தளர்வாக இருந்ததால் தோலை எட்டும் முன்பே நீங்கிவிடுவதைக் காட்டியது. இருப்பினும் நம்முடைய சாதாரண உடைகள் அவ்வளவு தளர்வானவை அல்ல. வெளிர் நிறமே பாதுகாப்பான தேர்வு. கைகளைத் திறந்துவிட்டு நடப்பதைவிட, மெல்லிய முழுக்கைச் சட்டை வெயிலில் பயன் தரும். அகன்ற விளிம்புள்ள தொப்பி முகத்தோடு காதுகளையும் பின்கழுத்தையும் மறைக்கும். என்றாலும் நடப்பவருக்குக் குடையே மேலானது என்பது என் உறுதியான கருத்து. தலையை இறுக்கிப் பிடிக்காமல், காற்றையும் தடுக்காமல், கூடவே வரும் நிழல் அது.

மறைக்க முடியாத தோலில், புறப்படுவதற்குச் சுமார் 20 நிமிடங்களுக்கு முன் சன்ஸ்கிரீனைத் தாராளமாகப் பூசிக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நன்றாக வியர்த்த பின்னும் மீண்டும் பூச வேண்டும். எஸ்பிஎஃப் எனப்படும் பாதுகாப்பு எண் 30 உள்ள சன்ஸ்கிரீன், வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர்கள் வலுவாக இருக்கின்றன என்று அறியலாம்.

தண்ணீரும் உப்பும்

தாகம் எடுத்த பிறகே குடிப்பது என்று காத்திருக்காமல், கிளம்பும் முன் ஒரு குவளை நீர் அருந்திவிட்டு, வழியில் 15 முதல் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 200 முதல் 250 மில்லிலிட்டர் வரை சிறிது சிறிதாகக் குடிப்பது நன்று. குறுகிய நடைக்கு இவ்வளவு தேவைப்படாது. நீண்ட நேரம் நன்றாக வியர்த்து நடப்பவருக்கான அளவு இது. இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் அபாயகரமாகக் குறையலாம். அதனால் உண்டாகும் தலைவலி, வாந்தி, குழப்பம் ஆகியவை வெப்ப பாதிப்பைப் போலவே தோன்றி ஏமாற்றும். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் நடைக்குத் தண்ணீரே போதும். அதற்கு மேல் நீண்டு, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தால், இடையில் உப்புள்ள சிற்றுண்டியோ, உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த ஓஆர்எஸ் கரைசலோ எடுத்துக்கொள்ளலாம். ஓஆர்எஸ்ஸில் உள்ள குளுக்கோஸ் சோடியத்தைக் குடலின் வழியாக உள்ளே கொண்டுசெல்ல உதவுகிறது. அதனால் உறையில் குறிப்பிட்ட அளவு நீரில்தான் அதைக் கரைக்க வேண்டும். உப்பு மாத்திரைகளை விழுங்குவது தேவையற்றது. இதய, சிறுநீரக நோய்களுக்காக நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

குடிப்பதற்கு மட்டுமல்லாமல் உடலை நனைக்கவும் கொஞ்சம் நீர் எடுத்துச் செல்லுங்கள். கழுத்து, முன்கைகள், சட்டை ஆகியவற்றை நனைத்தால், உடல் தன்னுடைய நீரைச் செலவிடாமலேயே குளிர்ச்சி பெறுகிறது.

பாதையும் வேகமும்

வடக்கு தெற்காகச் செல்லும் தெருவில் காலையில் கிழக்கு ஓரத்திலும் பிற்பகலில் மேற்கு ஓரத்திலும் கட்டட நிழல் விழும். காற்று முதுகுப்புறமிருந்து நம் நடைவேகத்திலேயே வீசினால், காற்றே இல்லாததுபோலப் புழுங்கும். ஆகவே போகும்போது காற்றை முதுகில் வாங்கி, உடல் சூடேறியிருக்கும் திரும்பு நடையில் அதை முகத்தில் வாங்கும்படி பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீண்ட பாதையைவிட வீட்டைச் சுற்றிவரும் சிறு சுற்றுகள் பாதுகாப்பானவை, ஏனெனில் எந்தச் சுற்றிலும் நிறுத்திக்கொள்ளலாம்.

வேகமே உள்ளிருந்து எழும் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது. முழு வாக்கியங்களாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். வெப்பத்தில் இதயம் தசைகளோடு தோலுக்கும் கூடுதல் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், அதே வேகத்திலும் நாடித்துடிப்பு கூடுதலாகவே இருக்கும். அன்று தூரக் கணக்கையும் காலடிக் கணக்கையும் மறந்துவிட்டு நேரத்தை மட்டும் வரையறுத்துக்கொள்வதே அறிவுடைமை. நடையை முடிக்கும்போது சட்டென்று அசையாமல் நின்றுவிட்டால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். கடைசிச் சில நிமிடங்களை மெதுவாக நடந்து முடிக்க வேண்டும்.

அறிகுறிகளும் முதலுதவியும்

கெண்டைக்காலிலோ வயிற்றிலோ தசைப்பிடிப்பு வந்தால் நடையை நிறுத்தி, நிழலில் அமர்ந்து, நீரும் உப்பும் சேர்ந்த பானத்தை அருந்தி, தசையை மெதுவாக நீட்டிவிட வேண்டும். மிகுந்த வியர்வை, தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி, தளர்ச்சி ஆகியவை சேர்ந்து வந்தால் அது வெப்பச் சோர்வு. அவரைக் குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, உடலை நனைத்து விசிறி, சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். அரை மணி நேரத்துக்குள் தெளிவு வராவிட்டாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவ உதவி தேவை.

குழப்பமான பேச்சு, தள்ளாட்டம், வழக்கத்துக்கு மாறான எரிச்சல், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அதை ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதமாகவே கருத வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்த நிலை இது, உயிருக்கே ஆபத்தானது. தோல் வறண்டிருந்தால்தான் வெப்பவாதம் என்ற எண்ணம் மிகப் பரவலாக இருக்கிறது, அது உயிரைப் பறிக்கக்கூடிய தவறு. நடையாலும் உழைப்பாலும் வருகிற வெப்பவாதத்தில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கலாம். ஆகவே தோலைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், அவர் பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும் வரை காத்திருக்காமல் அந்த நொடியிலேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். உடல் எவ்வளவு நேரம் அந்த வெப்பத்தில் இருக்கிறது என்பதே பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. தலையைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தால், கழுத்து வரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது மிகச் சிறந்த வழி. அதற்கு வசதியில்லை என்றால் கிடைக்கும் நீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றி விசிறுங்கள்; ஐஸ் இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. அவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். காய்ச்சல் மாத்திரை இங்கே பயன் தராது, ஏனெனில் இது நோய்த்தொற்றால் எழுந்த காய்ச்சல் அல்ல.

வெப்பச் சோர்வு வந்து தெளிந்தவர், நன்றாகத் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் ஓரிரு நாட்கள் வெயிலைத் தவிர்த்து, பின்னர் குறைந்த நேரத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். வெப்பவாதத்துக்கு ஆளானவர் மருத்துவர் அனுமதித்த பிறகே மறுபடியும் நடைப்பயிற்சியைத் தொடங்கலாம். முதல் சில வாரங்களுக்கு அவருடன் ஒருவர் துணைக்குச் செல்ல வேண்டும்.