ஏ.டி.எச்.டி மனதுக்கு யோகத் தத்துவம்: எங்கே தவறுகிறோம்?

மின் கட்டணம் கட்ட மறந்துவிட்டீர்கள். பணம் கட்டினால் அது தீர்ந்துவிடும். ஆனால், "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று ராத்திரி முழுக்க மனது குத்துகிறதே, ஏ.டி.எச்.டி (கவனச் சிதறலும் மிகைத் துடிப்பும் சார்ந்த நிலை) உள்ள பலரை அதிகம் வாட்டுவது அதுதான். அந்த வலிக்கு யோகத் தத்துவத்தைத் தேடி வருகிறவர்கள், அதையே பிரம்பாக்கித் தங்களை அடித்துக்கொள்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

யோகம் என்பது 'சித்த விருத்தி நிரோதம்', அதாவது மனதின் அலைவுகளை அடக்குவது என்கிறார் யோக சூத்திரத்தை எழுதிய பதஞ்சலி. அப்படியென்றால் எண்ணமே வராமல் அசையாது உட்காருவது என்று நினைப்பது முதல் தவறு. இரண்டு நிமிடத்தில் மனம் ஓடியதும், "எனக்கு யோகம் ஒத்துவராது" என்று எழுந்துவிடுகிறோம். பதஞ்சலி ஏ.டி.எச்.டியைப் பற்றி எழுதவில்லை, உண்மைதான். ஆனாலும் யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் (அத்தியாயத்தில்), 30-வது சூத்திரத்தைப் பாருங்கள். மனதைச் சிதறடிக்கும் 9 தடைகளைச் சொல்கிறார். எட்டிப் பிடித்த நிலையில் நிற்க முடியாமல் போவதும் அதில் ஒன்று. அடுத்த சூத்திரத்தில், துயரம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு எல்லாம் அந்தச் சிதறலோடு சேர்ந்தே வரும் என்கிறார். இவற்றைத் தடைகள் என்றுதான் சொல்கிறாரே தவிர, யாரையும் குற்றவாளியாக்கவில்லை. உட்கார முடியவில்லையா, நடந்துகொண்டே மூச்சைக் கவனியுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, அகிம்சையைத் தாண்டிக் குதித்துத் தவத்துக்குப் போவது. யோகத்தின் எட்டு அங்கங்களில் முதலாவது யமம் என்னும் ஒழுக்க நெறி, யமத்தில் முதலாவது அகிம்சை. அது நமக்கு நாமே செய்துகொள்ளும் வன்முறைக்கும் பொருந்தும் என்றே நான் வாசிக்கிறேன். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரப் பயிற்சி என்று சபதம் போட்டு, மூன்றாம் நாள் விட்டுவிட்டு, அப்புறம் ஒரு மாதம் நம்மையே திட்டுவதில் தவம் எங்கே இருக்கிறது? பல் துலக்கியதும் 5 நிமிடம் போதும். விட்டுப்போனால் மறுநாள் சாதாரணமாகத் தொடருங்கள்.

வைராக்கியம் (பற்றின்மை) என்ற பெயரில் கோபத்தையும் அழுகையையும் விழுங்குவதும் வேண்டாம். "இப்போது எனக்குக் கோபம் வந்திருக்கிறது" என்று மனதுக்குள் பெயர் சொல்லிப் பார்த்தாலே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்.

யோகம் செய்கிறோமே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஏ.டி.எச்.டி மூளை வளர்ச்சி சார்ந்தது. மருந்தைப் பற்றி மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

'ஹேயம் துக்கம் அனாகதம்' என்கிறது இரண்டாம் பாதம்: இன்னும் வராத துன்பம் தவிர்க்கத் தக்கது. மறந்த கட்டணம் நடந்து முடிந்த விஷயம். இன்று ராத்திரியின் வசவு இன்னும் வரவில்லை. சரி, அடுத்த தேதிக்கு இப்போதே போனில் அலாரம் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.