ராத்திரி 2 மணிக்கு நாய்க்குட்டி முனகினால்

2 மாதக் குட்டியால் 2, 3 மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. சேட்டை இல்லை; மூத்திரப்பை அவ்வளவு சின்னது. அது அழுது எழுப்பும்வரை காத்திருக்காமல் நீங்களே அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள். அழுதால்தான் ஆள் வரும் என்று பழகிவிட்டால், பிறகு சும்மாவே அழும்.

எங்கள் வீட்டுக் குட்டியை நடக்கவிட்டால் ஹாலைத் தாண்டுவதற்குள் மிதியடியிலேயே காரியத்தை முடித்துவிடும். தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் தினமும் அதே மூலையில் விட்டால், மோந்து பார்த்து, ஒரு சுற்று சுற்றி உட்கார்ந்துவிடும். முடித்த கையோடு ஒரு துணுக்குத் தீனி, 'நல்ல பிள்ளை' என்று ஒரு வார்த்தை, திரும்பப் படுக்கை. பெரிய லைட்டும் கொஞ்சலும் வேண்டாம். அப்புறம் விளையாட வா என்று காலைக் கடிக்கும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள், குட்டிகளைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் பயம் உண்டு. மாடி வீடென்றால் பால்கனியில் பழைய பேப்பர் போதும்.

ராத்திரிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே கொடுத்துவிடலாம். பகலில் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்து வைக்காதீர்கள், அதுவும் நம்ம ஊர் வெயிலில். நிமிடத்துக்கொரு தரம் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, பழக்குவதெல்லாம் அப்புறம்; முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.