ரீஹாப் சென்டர் (குடி, போதை மறுவாழ்வு மையம்) தேடுறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

எங்க வீட்ல ஒருத்தருக்காக அலைஞ்சு, சேத்து, பில்லையும் செட்டில் பண்ணி முடிச்சிட்டுதான் எழுதுறேன். குடி வியாதியா திமிராங்கிற பட்டிமன்றம் எல்லாம் இங்க வேணாம், சேக்கலாம்னு முடிவு பண்ணவங்களுக்கு மட்டும் இது.

ஸ்டெப் 1: முதல்ல டாக்டர், அப்புறம்தான் சென்டர்

ஒரு மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க. தினமும் நிறைய குடிக்கிறவர் டக்குனு நிறுத்தினா சில மணி நேரத்துலயே கை நடுக்கம், வேர்வை ஆரம்பிச்சிடும், ஃபிட்ஸ் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள்ள வரும், 2லருந்து 4 நாளுக்குள்ள சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ், அதாவது ஆள் இடம் தெரியாம உளறுறது, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, இது உயிரையே எடுக்கும். ரூம்ல போட்டு பூட்டுங்க சரியாயிடும்னு சொல்ற சொந்தக்காரங்களை தள்ளி வைங்க. தூக்க மாத்திரை பழக்கத்துக்கும் இதே கதைதான், திடீர்னு நிறுத்தக் கூடாது.

ஸ்டெப் 2: போன் போடுங்க

கூகுள்ல மேல வர்றது பாதி விளம்பரம். "டாப் 10" லிஸ்ட் சைட்டுங்க எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, ஆள் சேத்துவிட்டா கமிஷன் வாங்குற ஏஜென்ட் வேலையும் இந்த ஃபீல்டுல உண்டு. டாக்டர் சொல்ற ரெண்டு மூணு இடத்துக்கு நீங்களே பேசுங்க, ஒரு சாதா நோட்டுல எழுதிக்குங்க. லைசென்ஸ் இருக்கா, ராத்திரி ஃபிட்ஸ் வந்தா யார் பாப்பாங்க, குடும்பம் எப்ப வந்து பாக்கலாம், இது மூணும் போதும். "நூறு சதவீதம் கேரண்டி சார்", "ஆள் அனுப்பி தூக்கிட்டு வந்துடறோம்"னு சொன்னா கட் பண்ணிடுங்க.

ஸ்டெப் 3: பணம் (இங்கதான் நான் மாட்டினேன்)

எல்லாரும் பேக்கேஜ்னு ஒரே தொகை சொல்வாங்க. ஆனா அதுக்குள்ள இருக்கிறது ரெண்டு வேற வேற வேலை. டீடாக்ஸ்ங்கிறது மருந்து குடுத்து உடம்பை நிதானத்துக்குக் கொண்டு வர்றது, பொதுவா ஒரு வாரம் பக்கம். அதுக்கப்புறம் தங்கி கவுன்சிலிங் எடுக்கிறதுதான் ரீஹாப். சில இன்ஷூரன்ஸ் பாலிசி முதல்துக்கு ஆஸ்பத்திரி அட்மிஷன்னு பணம் குடுக்கும், ரெண்டாவதுக்கு குடுக்காது, சிலது போதை சம்பந்தப்பட்ட எதுக்குமே குடுக்காது. அதனால பில்லை ரெண்டா பிரிச்சு எழுத்துல கேளுங்க, பாலிசியில எக்ஸ்க்ளூஷன்ஸ், அதாவது எதுக்கெல்லாம் பணம் கிடையாதுங்கிற பக்கத்தை முதல்ல படிங்க, அட்மிஷனுக்கு முன்னாடியே ப்ரீ-ஆத், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியோட முன் அனுமதி கேளுங்க. கவுன்டர்ல ஒருத்தர் "கவர் ஆகும் சார்"னு வாயால சொல்றது எதுக்கும் உதவாது. மருந்து, லேப் டெஸ்ட் தனியா? பாதியில கிளம்பிட்டா டெபாசிட் திரும்ப வருமா? இதையும் எழுதி வாங்குங்க.

கையில இருக்கிறது எல்லாத்தையும் அட்மிஷன்லயே கொட்டிடாதீங்க, வெளிய வந்த பிறகு வர்ற மாசங்கள்தான் கஷ்டம், ஃபாலோ அப்புக்கு கொஞ்சம் ஒதுக்குங்க. குறிப்பா ஹெராயின் மாதிரி பழக்கம்னா, நிறுத்தின பிறகு உடம்போட தாங்கற சக்தி இறங்கிடும், பழைய அளவையே திரும்ப எடுத்தா உயிர் போயிடலாம். இந்தப் பழக்கத்துக்கு டாக்டர் கண்காணிப்புல குடுக்கிற மருந்துங்களான புப்ரெனார்ஃபின், மெத்தடோன் தொடர்ந்து குடுப்பாங்களான்னு கண்டிப்பா கேளுங்க.

பணமே இல்லையா? எல்லாருக்கும் தங்கி எடுக்கிற சிகிச்சை தேவையில்ல. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி குடி ஆசையைக் குறைக்கிற மாத்திரையோட ஓபியிலயே கவுன்சிலிங் போறவங்க நிறைய பேர், டாக்டர் சரின்னா அதுதான் என் சாய்ஸ். அரசு ஆஸ்பத்திரியிலயும் விசாரிங்க. 1935ல ஆரம்பிச்ச ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவங்க ஒண்ணு கூடிப் பேசுற குழு) மீட்டிங்குக்கு ஃபீஸ் கிடையாது, அதே மாதிரி குடும்பத்துக்கு அல்-அனான்னு ஒரு குழு இருக்கு, அதுவும் ஃப்ரீ.

அப்டேட்: "அவருக்கே தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்கிற மாத்திரை இருக்காமே"ன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. டைசல்ஃபிராம்தானே, வேணவே வேணாம். அது உள்ள இருக்கும்போது குடிச்சா வாந்தி, நெஞ்சு படபடப்பு, பிபி இறங்கி சாவு வரைக்கும் போகலாம். ஏற்கனவே குடுத்துட்டு இருந்தா டாக்டர்கிட்டயும் அவர்கிட்டயும் இன்னைக்கே சொல்லிடுங்க, நிறுத்தினாலும் 14 நாள் வரைக்கும் அது உடம்புல வேலை செய்யும்.