ஒயர்லெஸ் ஹெட்போனா, டேக்கும் ஒயர் இயர்போனுமா? ஒப்பிடும்போது நடக்கும் தவறுகள்

போனில் பாட்டுக் கேட்க இருபதாயிரம் ரூபாய் ஒதுக்கியவர் முன்னால் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நாய்ஸ் கேன்சலேஷனோடு (வெளிச் சத்தத்தை அடக்கும் வசதி) வரும் நல்ல ஒயர்லெஸ் ஹெட்போன். இன்னொன்று, போனின் யூஎஸ்பி-சி துளையில் செருகும் கட்டைவிரல் அளவு டேக் (போனின் டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கான மின்னலையாக மாற்றும் கருவி), அதோடு ஒரு தரமான ஒயர் இயர்போன். 2016-இல் ஐபோன் 7-இலிருந்து ஆப்பிள் 3.5 மி.மீ. ஹெட்போன் ஜாக்கை எடுத்தது, மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. அப்போதிருந்து எது உசத்தி என்ற சண்டை ஓயவில்லை. ஒப்பிடும் முறையே தப்பாக இருப்பதால்தான் அந்தச் சண்டையில் பாதி நடக்கிறது. ஒலித்தரத்தைத் தீர்மானிக்கும் விஷயங்களை வரிசைப்படுத்தினால், ஒயர் இருக்கிறதா இல்லையா என்பது கிட்டத்தட்டக் கடைசியில்தான் வரும்.

கிலோபிட் கணக்கு

முதலில் எல்லாரும் எடுத்து வைக்கும் ஆதாரம் எண்கள்தான். சிடியில் இருப்பது நொடிக்கு 1,411 கிலோபிட். புளூடூத்தின் அடிப்படைக் கோடெக்கான (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) எஸ்பிசி வழக்கமாகச் சுமார் 328 கிலோபிட்டில் ஓடுகிறது. சோனியின் எல்டிஏசி அதிகபட்சம் 990. ஆக, எஸ்பிசியில் கால்வாசித் தரம்தான் வருகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அப்படி இல்லை. கோடெக்குகள் நம் காதுக்கு எட்டாத பகுதிகளைப் பார்த்துப் பார்த்துக் கழிக்கின்றன. கால்வாசி அளவு என்றால் கால்வாசித் தரம் என்று அர்த்தமில்லை. தவிர, யூடியூப் மியூசிக் தருவதே அதிகபட்சம் 256 கிலோபிட். அதை 990-இல் அனுப்புவதால் இல்லாத ஒன்று வந்து சேராது.

எல்டிஏசி என்று பெட்டியில் பார்த்ததும் வாங்குபவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. ஐபோன் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு கோடெக்குகளை மட்டுமே பேசும். அதில் எல்டிஏசி வேலைக்கு ஆகாது. ஆண்ட்ராய்டில் 8.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் தானியங்கி அமைப்பில் விட்டால் நெரிசலான இடத்தில் 660-க்கும் 330-க்கும் இறங்கிவிடும். ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு 990-இல் கேட்கிறேன் என்று நம்புவது வெறும் நம்பிக்கைதான். பெட்டியில் ஒட்டியிருக்கும் தங்க நிற ஹை-ரெஸ் முத்திரையும் அப்படித்தான். ஒயர் கருவிக்கு அது கிடைக்க 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி எழுப்ப வேண்டும்; நல்ல இளவயதுக் காதுக்கே எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். அப்புறம் அந்த முத்திரையின் ஒயர்லெஸ் பதிப்பு, எல்டிஏசி போலத் தகவலைக் கழித்து அனுப்பும் கோடெக்குகளுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

எண்பதுகளின் இளையராஜா பாடல்களைத்தான் அதிகம் கேட்பவர் என்றால், எந்தப் பதிப்பைக் கேட்கிறீர்கள் என்பது கோடெக்கைவிடப் பெரிய கேள்வி. ஒரே பாட்டு இசைத்தட்டிலிருந்து எடுத்தது, கேசட்டிலிருந்து எடுத்தது, பிற்பாடு சத்தத்தை ஏற்றி மெருகு பூசியது என்று இணையத்தில் பல உருவில் கிடக்கிறது. கேசட் இரைச்சலை எந்த ஒயர் வழியாக அனுப்பினாலும் அது இரைச்சல்தான்.

சத்தம் அதிகமானால் தரம் கூடியது போலத் தோன்றும்

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இதைச் சரி செய்யாமல் செய்யும் எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை. இரண்டு கருவிகளில் ஒன்று ஓரிரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், அதைச் "சத்தம் அதிகம்" என்று காது சொல்லாது. "குரல் தெளிவாக இருக்கிறது", "பேஸ் இறுக்கமாக இருக்கிறது", "இடம் விரிந்த மாதிரி இருக்கிறது" என்றுதான் சொல்லும்.

டேக் வாங்கியவர்கள் முதல் நாளில் அடையும் பரவசத்தில் பெரும்பங்கு இதிலிருந்து வருகிறது. ஆப்பிளின் சின்ன டாங்கிள் (குட்டி வால் போன்ற டேக்) தருவது சுமார் 1 வோல்ட். நடுத்தர விலை டேக்குகளின் 3.5 மி.மீ. துளையில் 2 வோல்ட் சாதாரணம். அதே டேக்கின் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளையில் (இரண்டு காதுக்கும் தனித்தனிக் கம்பி ஜோடி உள்ளது) 4 வோல்ட் வரை வரும். வோல்ட் இரட்டிப்பானால் 6 டெசிபல் ஏறும். ஒலி அளவைத் தொடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கேட்டுவிட்டு, பேலன்ஸ்டில் இசை மலர்ந்துவிட்டது என்று எழுதுகிறவர்களுக்கு உண்மையில் அந்த 6 டெசிபல்தான் கேட்டிருக்கிறது.

ஒயர்லெஸ் ஹெட்போனோடு ஒப்பிடும்போது சிக்கல் இன்னும் கூடும், ஏனென்றால் அதற்குள் ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் இருக்கிறது. போனில் இரண்டுக்கும் ஒரே அறுபது சதவீதம் வைத்தால் இரண்டும் ஒரே அளவில் ஒலிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. துல்லியமாக அளக்கக் கருவி வேண்டும். அது வீட்டில் நடக்காது. பதிலுக்கு இப்படிச் செய்யலாம். பழக்கமான ஒரு குரலை வைத்துக்கொண்டு இரண்டையும் முடிந்தவரை ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்ததை வேண்டுமென்றே ஒரு படி குறைத்துக் கேளுங்கள். அப்போதும் அதுவே பிடிக்கிறதா? பிடித்தால் அந்தத் தீர்ப்பில் ஏதோ இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் நீங்கள் விரும்பியது சத்தத்தைத்தான்.

காசு எங்கே போகிறது

டேக்தான் ஒலியை உருவாக்குகிறது என்ற எண்ணத்தில் பட்ஜெட்டில் பாதியை அதில் போடுகிறார்கள். நம் காதில் படும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இயர்போனின் டியூனிங்கிலிருந்தும் (எந்த ஸ்தாயியை எவ்வளவு ஒலிக்கிறது என்பது), அது காதில் எப்படிப் பொருந்துகிறது என்பதிலிருந்தும் வருகிறது. ஆப்பிளின் அந்த மலிவான டாங்கிளே அளவீடுகளில் காது கண்டுபிடிக்கக்கூடிய எல்லைக்கு மேல் சுத்தமாக இருக்கிறது. (ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் பொறுங்கள்: பல ஆண்ட்ராய்டு போன்களில் அது குறைந்த ஒலியிலேயே நின்றுவிடும். உங்களுக்கு வேறு டாங்கிள்தான் சரி.) விலை ஏறினால் டியூனிங் மேம்படும் என்பதும் நிச்சயமில்லை. 2017-இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்ததில், அவற்றின் அலைவரிசைத் தன்மைக்கும், அதாவது டியூனிங்குக்கும், விலைக்கும் தொடர்பு தெரியவில்லை.

யூஎஸ்பி-சி டாங்கிள் எல்லாம் ஒன்று என்று நினைப்பதும் தப்பு. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் நூறு ரூபாய்க்கு அள்ளிக் கொடுக்கும் சிலவற்றுக்குள் சிப்பே கிடையாது, வெறும் கம்பிதான். யூஎஸ்பி துளை வழியே அனலாக் ஒலியை அனுப்பும் சில போன்களில் மட்டுமே அவை பாடும். "டேக் உள்ளது" என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்குங்கள். ஓப்போ, ஒன்பிளஸ், விவோ போன்களில் வெளிக் கருவிகளை இணைக்க விடும் ஓடிஜி என்ற அமைப்பை இயக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் டேக் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு குழப்பம். புளூடூத்தில் பாட்டு டிஜிட்டலாகவே போகிறது. டேக்கும் ஆம்பும் ஹெட்போனுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் போனில் என்ன டேக் சிப் இருந்தாலும் ஒயர்லெஸ் ஹெட்போனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சரி, அதே ஹெட்போனில் ஒயரைச் செருகிக் கேட்டால் நியாயமான ஒப்பீடு கிடைக்குமா? பல மாடல்களில் கிடைக்காது. அணைத்து வைத்து ஒயரில் ஓட்டும்போது உள்ளே டியூனிங்கைச் சரிசெய்துகொண்டிருந்த சிப்பும் நின்றுவிடும். ஒலி மாறியதற்குக் காரணம் அதுதான், பழி மட்டும் ஒயர்மேல் விழுகிறது.

கேட்கும் இடம்

கடையின் அமைதியான அறையில் கேட்டுத் தேர்ந்தெடுத்துவிட்டு, தினமும் தாம்பரம் மின்ரயிலில் கேட்கப் போகிறவர் தவறான தேர்வை எழுதியிருக்கிறார். ரயிலின் உறுமலும் பஸ் எஞ்சினின் அதிர்வும் கீழ் ஸ்தாயியில் இருக்கின்றன. அவை முதலில் விழுங்குவது பேஸ் கிதாரையும் மிருதங்கத்தின் தொப்பியையும்தான். நாய்ஸ் கேன்சலேஷன் நன்றாக வேலை செய்வதும் அதே பகுதியில். காதை நன்றாக அடைக்கும் ஒயர் இயர்போன், பேச்சுச் சத்தம், ஹாரன் போன்றவற்றைத் தடுப்பதில் குறைந்ததல்ல, உறுமலில்தான் தோற்கும். அப்போது கை தானாக ஒலியை ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். ரயிலில் கேட்பவருக்கு, சுமாரான ஒயர்லெஸ் ஹெட்போன் அருமையான ஒயர் இயர்போனைவிட அதிக இசையைத் தரும் என்று நான் தயங்காமல் சொல்வேன். ராத்திரி வீட்டில் கேட்பவருக்கு அது நேர்மாறு.

காதில் சரியாக அடைக்காத சிலிகான் டிப்போடு கேட்டுவிட்டு "பேஸ் இல்லை" என்று ஒதுக்குவதும் இதோடு சேர்ந்ததே. பெட்டியில் வரும் மூன்று அளவுகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றுகூட இல்லை.

ஓம் பயம்

ஹெட்போனின் மின்தடை 300 ஓம் என்றதும் பெரிய ஆம்ப் தேவை என்று பயப்படுகிறார்கள், 16 ஓம் என்றதும் எதிலும் ஓடும் என்று விட்டுவிடுகிறார்கள். ஓமோடு சென்சிட்டிவிட்டியையும் (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வருகிறது என்பது) பார்க்க வேண்டும், அது எந்த அலகில் சொல்லப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 300 ஓம் சென்ஹைசர் எச்டி 600, 1 வோல்ட்டில் 97 டெசிபல் தரும். 2 வோல்ட் டாங்கிளில் 103. பெரும்பாலான இசைக்கு அது போதும். 16 ஓம், மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று போட்டிருக்கும் இயர்போனை வோல்ட் கணக்குக்கு மாற்றினால் 1 வோல்ட்டில் சுமார் 118 டெசிபல் வரும். அதற்கு வலுவான டேக் கொடுத்தால் ஒலியின் முதல் இரண்டு படிகளுக்குள்ளேயே காது நிறைந்துவிடும், பின்னணியில் உஸ் என்ற இரைச்சலும் கேட்கக்கூடும்.

வேறு சிலவும் உண்டு. ஒயர்லெஸ் இயர்பட்ஸின் பேட்டரி சில வருடங்களில் தளரும், அதை மாற்றுவது பெரும்பாலும் நடக்காத காரியம்; ஒயர் இயர்போனில் அறுந்த கேபிளைக் கழற்றி வேறு மாட்டலாம். டேக் செருகியிருக்கும்போது பெரும்பாலும் போனைச் சார்ஜ் போட முடியாது, ஒயர்லெஸ் சார்ஜிங் இருந்தால் தவிர. புளூடூத்தில் படம் பார்ப்பது பிரச்சினையில்லை, விளையாட்டில் சத்தம் பிந்தும்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. கியூடெலிக்ஸ் 5கே, ஃபியோவின் பிடிஆர் வரிசை போன்ற சின்ன ரிசீவர்களைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, புளூடூத்தில் போனோடு இணைத்து, பிடித்த ஒயர் இயர்போனை அதில் செருகலாம். வீட்டில் அதையே யூஎஸ்பி டேக்காகவும் பயன்படுத்தலாம். கூடுதலாக ஒன்றைச் சார்ஜ் போட வேண்டும், அவ்வளவுதான்.