வெளுக்க வேண்டியது வேட்டியை, முகத்தை அல்ல

ஈரோட்டில் என் ஸ்டுடியோவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகள் பழக வருகிறார்கள். பொறியியல் படித்துவிட்டுக் கேமரா வாங்கியவர்கள், தறிப்பட்டறை வேலையை விட்டுவிட்டுக் கல்யாணப் படம் எடுக்கக் கிளம்பியவர்கள், கல்லூரிப் பெண்கள் என்று கலவையான கூட்டம். கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் ஓர் ஆளை உட்காரவைத்து முகத்தைப் படம் பிடிக்கச் சொன்னால், வரிசையாக ஒரே குழிகளில் விழுகிறார்கள். பாதிக் குழிகள் நானும் விழுந்து எழுந்தவை என்பதால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிறது.

பேட்டரிக்குச் சார்ஜ் போடாமல் வருவது, கார்டை வீட்டில் மறந்துவிட்டு வருவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை நடந்தால் மறுமுறை நடக்காது. தவறு என்றே தெரியாமல் வருடக்கணக்கில் செய்துகொண்டிருப்பவைதான் தொழிலைக் கெடுக்கும்.

முகத்தை வெளுப்பது

இதைப் பேச ஆரம்பித்தால் என் குரல் உயர்ந்துவிடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் பழகிய தம்பி ஒருவன் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில், எண்பது வயதைத் தாண்டிய அப்பத்தாவைப் படம் எடுத்தான். பொங்கலுக்குப் பேரன் பேத்திகள் எல்லோரும் வந்திருந்த நேரம். பழைய தொட்டிக்கட்டு வீடு. கதவுக்குப் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு உட்காரவைத்திருக்கிறான். நெற்றிச் சுருக்கங்களை எண்ணிவிடலாம் போல வெளிச்சம் விழுந்திருந்தது. கேமராவிலிருந்து வந்த படத்தைப் பார்த்தபோது எனக்கே பொறாமையாக இருந்தது.

அன்று இரவு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கெடுத்தான். முகத்தை இரண்டு படி வெளுத்தான். சுருக்கங்களைத் துடைத்தான். அப்பத்தாவின் முன்கையில் அந்தக் காலத்தில் குத்திய பச்சை இருந்தது. மென்பொருள் அதைக் கறை என்று நினைத்து மழுப்பிவிட்டது; இவனும் கவனிக்கவில்லை.

பெரிய அளவில் அச்சிட்டு, தேக்குச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான். பேரன்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூத்த மகள் மட்டும் கிட்டே வந்து பார்த்துவிட்டு, “ஏன் கண்ணு, எங்கள் அம்மா கையில் இருந்த பச்சை எங்கே?” என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். “இது அம்மாவே இல்லையே” என்றார். சட்டம் திரும்பி வந்தது. அச்சுக்கூலியும் சட்டத்தின் விலையும் அவன் கையிலிருந்து போயின. அது சின்ன நட்டம். வைகாசியில் அதே வீட்டில் நடந்த கல்யாணத்துக்கு வேறொருவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதுதான் பெரிய நட்டம்.

நம் பக்கத்தில் வயதானவர்களைத் தனியாக உட்காரவைத்துப் படம் எடுக்கச் சொன்னால், அது எதற்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒருநாள் ஆசாரத்து, அதாவது வீட்டு முன்கூடத்துச் சுவரில் மாலையோடு தொங்கப்போகிற படம் அது. அதில் இருப்பது வேறு யாரோ ஒருவரின் முகம் என்றால், அந்த வேறு யாரையோ கும்பிட்டுக்கொண்டு அடுத்த தலைமுறை வளரும்.

இந்தக் கோளாறு கணினியில் தொடங்குவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கேமராவின் ஒளிமானியில் தொடங்குகிறது. ஒளிமானிக்கு வேட்டி தெரியாது, முகம் தெரியாது. எதிரில் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் என்று ஒரு பெரியவர் நிற்கிறார். இத்தனை வெள்ளையையும் சாம்பலாக்கப் பார்க்கிற கேமரா, வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. முகம் இருண்டுபோகிறது. படம் எடுக்கிற பையன் திரையைப் பார்த்துவிட்டு, “ஆள் கறுப்பு, அதனால்தான் இப்படி வருகிறது” என்று முடிவு கட்டுகிறான். அளந்த இடம் தவறு. பழி பெரியவரின் தோல் மீது.

அடுத்து அவன் செய்வது இன்னும் மோசம். முகம் சரியாகத் தெரிகிற அளவோடு நிறுத்தினால் வேட்டியும் தப்பும், முகமும் தப்பும். இவன் முகம் வெளுக்கும் வரை வெளிச்சத்தை ஏற்றுகிறான். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் படிகள். 255ஐத் தொட்ட இடத்தில் பிறகு எதையும் மீட்க முடியாது. வேட்டியின் மடிப்பு போகும், சரிகைக் கரை போகும், நகையின் மஞ்சள் போகும். முகத்தை மட்டும் தனியாக வெளுத்தாலோ, கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று ஆள் இரண்டாகப் பிரிந்து நிற்பார்.

செய்ய வேண்டியது எளிது. கேமராவின் அளவீட்டை ஸ்பாட்டில், அதாவது ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் முறையில் வையுங்கள். உட்கார்ந்திருப்பவரின் முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, அதை அளங்கள். தோல் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளங்கைகளுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது. நடுத்தரச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சமானது அது. எனவே அளவு காட்டும் முள் கூட்டல் ஒன்றில் நிற்கும்படி வைத்து, மேனுவலில் பூட்டிவிடுங்கள். வெளிச்சம் மாறாத வரை அதைத் தொட வேண்டியதில்லை. அடுத்து வருகிறவர் கறுப்புப் புடவையில் இருந்தால் என்ன, வெள்ளைச் சட்டையில் இருந்தால் என்ன, முகம் முகமாகவே வரும்.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வடிவம் கொடுப்பது மினுமினுப்பு. கன்ன எலும்பின் மேலும் மூக்குத் தண்டின் மேலும் விழுகிற மெல்லிய ஒளிக்கீற்றுதான் முகத்தைச் சுவரிலிருந்து பிரித்துக் காட்டும். அது கிடைக்கப் பெரிய சன்னலோ கதவோ பக்கவாட்டில் இருந்தால் போதும். கேமராவின் தலையில் பிளாஷை மாட்டி நேருக்கு நேர் அடித்தால், இருக்கிற வடிவமும் தட்டையாகிவிடும். அப்புறம் “முகத்தில் களை இல்லை” என்று மென்பொருளில் தேடுவார்கள்.

“பழைய ஸ்டுடியோக்காரர்களும் வெளுத்துத்தானே கொடுத்தார்கள், அண்ணா?” என்று ஒரு தம்பி என்னை மடக்கினான். உண்மைதான். ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் சுவரில் கண்ணாடி, பக்கத்தில் சீப்பு, பவுடர் டப்பா இருக்கும். ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள் நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் புழங்கிய காலத்தில், நெகட்டிவின் மேல் பென்சிலால் திருத்துவார்கள். நெகட்டிவில் கருமை கூடினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம், ஒரு பரு, ஓர் ஆழமான கோடு ஆகியவற்றை ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். ஒரு முகத்துக்கே பொறுமை தீர்ந்துவிடும். அந்தச் சிரமமே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. இன்றைக்கு ஒரே இழுப்பில் ஆல்பம் முழுவதும் வெளுத்துவிடுகிறது.

அந்த இழுப்பு எது என்றும் சொல்லிவிடுகிறேன். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஆரஞ்சு நிறத்தின் ஒளிர்வை ஏற்றி, அதன் அடர்த்தியைக் குறைப்பது. நம் தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை உறிஞ்சிவிட்டால் வெள்ளை வராது, சாம்பல் வரும். மணப்பெண் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல் இருப்பாள்.

வாடிக்கையாளரே கேட்டால்? கேட்பார்கள். “பெண்ணைக் கொஞ்சம் கலராகக் காட்டுங்கள் தம்பி” என்று சொல்லாத மணப்பெண்ணின் அம்மாவை நான் பார்த்ததில்லை. வாதாடாதீர்கள். சரியான வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தை அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். திரையில் காட்டாதீர்கள், காகிதத்தில் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. என் கணக்கு இதுதான்: ஒரு வாரத்தில் தானாக மறைகிற பருவையும் தூக்கம் கெட்ட கண்ணின் கருமையையும் எடுத்துவிடுவேன். மச்சம், தழும்பு, பச்சை எதிலும் கைவைக்க மாட்டேன். படத்தில் இருப்பவர் தானே கேட்டால் மட்டும் செய்வேன். அவருடைய மாமியார் கேட்டால் செய்ய மாட்டேன்.

கிட்டே போய் நிற்பது

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸை 18இல் வைத்துக்கொண்டு, முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில் போய் நிற்கிறார்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. இருக்கும். ஒன்றரை அடியிலிருந்து எடுத்தால் மூக்கு, காதோடு ஒப்பிடும்போது கால் பங்குக்கு மேல் பெரிதாகிவிடும். ஆறடி தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் நூற்றுக்கு ஆறு, ஏழுதான். முகத்தைக் கோணலாக்குவது லென்ஸ் என்று நினைத்து 85 மி.மீ. லென்ஸுக்குக் கடன் வாங்குகிறார்கள். கோணலாக்குவது தூரம். அதே லென்ஸை 55க்குத் திருப்பிவிட்டு நான்கு எட்டு பின்னால் போங்கள். கடனுக்கு வேறு நல்ல காரணங்கள் வரும்.

பந்தல் நிறம்

மஞ்சளும் சிவப்புமாகக் கட்டிய பந்தல் துணிக்குக் கீழே பகலில் நிற்கிற எல்லோருக்கும் அந்த நிறம் பூசியிருக்கும். வயலோரம் நின்றால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் செம்மண்ணும் சும்மா இருக்காது. நம் கண் இதைச் சரிசெய்துகொள்ளும், கேமரா செய்யாது. கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யப் பார்க்கிற தானியங்கி வெள்ளைச் சமநிலையை நம்பினால், பட்டுப்புடவையின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு தோல் நிறத்தைக் கொடுக்கும். பந்தலுக்கு வெளியே, மரநிழலுக்கோ வீட்டு நடைக்கோ ஆளைக் கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் சாம்பல் அட்டை ஒன்றை முகத்தருகே பிடிக்கச் சொல்லி முதல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; பிறகு அதை வைத்து நிறத்தைத் திருத்தலாம்.

மண்டபத்து விளக்கு

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் பல நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் குறுக்குப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடிக்கு இறக்குங்கள்.

உச்சி வெயில்

கோவையும் ஈரோடும் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 11 பாகை வடக்கில் இருக்கின்றன. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23ஐ ஒட்டியும் பகல் 12:20 அளவில் சூரியன் நேராகத் தலைக்கு மேலே நிற்கும். கண்குழியில் கருப்பு, மூக்குக்குக் கீழே மீசை. முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிற நேரம் அது. நீங்களும் சாப்பிடப் போகலாம்.

காற்று

வெளியூரிலிருந்து வருகிற வீடியோ பாடங்களில் இதைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் எல்லாவற்றையும் ஒரு பிடி பிடிக்கும். அங்கே காற்றாலைகளை வேடிக்கைக்கா நட்டிருக்கிறார்கள்? அந்த வெளியில் போய் மூன்றுகால் ஸ்டாண்டில் விளக்கும் வெளிச்சத்தைப் பரப்பும் குடையும் மாட்டி நிறுத்திவிட்டு, ஆளைச் சரிசெய்யப் போகிறார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் குடை பாய்மரமாகி, விளக்கு தரையில் கிடக்கிறது. சிதறுவது பல்பு மட்டும் என்றால் பரவாயில்லை. பக்கத்தில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது.

மணல் மூட்டை காசு கொடுத்து வாங்க வேண்டாம். பழைய அரிசிப் பையில் மண்ணை நிரப்பி ஸ்டாண்டின் காலில் கட்டுங்கள். விளக்கு சாய்ந்திருக்கிற பக்கத்தில் ஒரு கால் நீண்டிருக்க வேண்டும். ஆடியில் இதுவும் போதாது, ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆள் இல்லையா, குடையை வண்டியிலேயே வையுங்கள். வீட்டு நடையும் சுவரும் எங்கும் பறக்காது.

திரையைக் குனிந்து பார்ப்பது

ஒவ்வொரு சொடுக்குக்கும் செய்யாதீர்கள். எதிரில் இருப்பவர், தான் சரியாக இல்லை என்று நினைத்துக்கொள்வார். புருவத்தை வேறு சுருக்கினீர்கள் என்றால் அதோடு அந்த முகம் மூடிக்கொள்ளும்.

‘சிரியுங்கள்’

சொல்லாதீர்கள். இந்த வருடம் மஞ்சள் என்ன விலைக்குப் போனது என்று கேளுங்கள். சிரிப்பு வராவிட்டாலும் முகத்தில் உயிர் வரும்.

தொடுவது

முந்தானையையோ நெற்றிச்சுட்டியையோ நீங்கள் சரிசெய்யப் போகாதீர்கள். அக்கா, அத்தை யாராவது பக்கத்தில் நிற்பார்கள், அவர்களிடம் சொல்லுங்கள்.

மூக்குக்கண்ணாடி

கழற்றச் சொல்லாதீர்கள். கண்ணாடியில் விளக்கு பளபளத்தால் விளக்கை உயர்த்துங்கள்.

பிரீசெட்

படத்தின் நிறத்தை ஒரே சொடுக்கில் மாற்றும் ஆயத்த அமைப்பு அது. வாங்காதீர்கள்.

அட்வான்ஸ்

வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சொந்தக்காரர், தெரிந்தவர் என்று விடுவதாக இருந்தால் கடைசிவரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கொங்கு நாட்டில் கொஞ்சம் விசாரித்தால் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் மாமன் மச்சான் ஆகிவிடுகிறார்கள்.