செங்கோட்டைப் பக்கம் வீடு வாங்கும் முன்

முன்பணம் கொடுக்கும் முன்னாடி மூலப்பத்திரத்தைக் கேளுங்கள், ஜெராக்ஸ் வேண்டாம், அசல். அசல் கையில் இல்லை என்றால் அது எங்காவது அடமானத்தில் இருக்கலாம். 1956 நவம்பர் 1-க்கு முன் செங்கோட்டையும் கன்னியாகுமரியும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்ததால் பழைய பத்திரம் மலையாளத்தில்கூட இருக்கும், நன்றாகப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து எல்லைகளை வரிவரியாகக் கேளுங்கள். எங்கள் பத்திரத்தில் கிழக்கெல்லை 'தோடு' என்று இருந்தது, அதாவது ஓடை. உடனே சர்வேயரை வைத்து அளந்தோம், ஓடைப் புறம்போக்கை நம் காசில் வாங்கிவிடக் கூடாதே!

அப்புறம் 30 வருட வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் சான்று, வாங்கிப் பாருங்கள். பதிவாகாத ஒப்பந்தம் எதுவும் அதில் வராது. பட்டா யார் பேரில் என்று பாருங்கள். இறந்தவர் சொத்தா? வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட, கையெழுத்துப் போடட்டும்.