வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவது எப்படி?

ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவக் கிளம்பும் அமைப்புகள் முதலில் வாங்குவது நோட்டும் பையும்தான். அவை வேண்டாதவை அல்ல. ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடமே வாசிக்க வராதபோது புது நோட்டால் என்ன பயன்? பிள்ளைகளை வகுப்பைப் பார்த்துப் பிரிக்காமல், வாசிக்கும் நிலையைப் பார்த்துப் பிரித்து, தினமும் ஒரு மணி நேரம் உட்காரவைப்பதுதான் முதல் வேலை. 1995-ல் மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வளர்த்தெடுத்த முறை இது.

முதல் நாள் பாடம் வேண்டாம், சோதனை மட்டும். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்க 2005-ல் தொடங்கிய ஏசர் (ASER) ஆய்வில் இருப்பதைப் போல ஒரே தாளில் நான்கு பகுதிகள் வையுங்கள்: பத்து எழுத்துகள், பத்து எளிய சொற்கள், நான்கு வரிப் பத்தி, எட்டுப் பத்து வரிக் கதை. பத்தியிலிருந்து தொடங்குங்கள். மூன்று பிழைக்குள், வாக்கியமாக ஓட்டி வாசித்தால் கதையைக் கொடுங்கள். தடுமாறினால் சொற்களுக்கு இறங்குங்கள். பிள்ளையே தேர்ந்தெடுக்கும் ஐந்தில் நான்கு சரியாக வந்தால் அது சொல் நிலை. அதுவும் வராவிட்டால் எழுத்து.

பிள்ளைகளைத் தனித்தனியே, மற்றவர் காதில் விழாத இடத்தில் சோதியுங்கள். வரிசையில் நிற்பவர் கேட்டுக்கொண்டே இருந்தால் நான்காவது பிள்ளை பத்தியை மனப்பாடமாக ஒப்பிக்கும். மூன்று நான்கு வகைத் தாள்கள் கைவசம் இருக்கட்டும். பாடநூலிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். எழுத்துகளையும் கலைத்துப் போடுங்கள். ‘அ’விலிருந்து பாட்டாகச் சொல்லும் பிள்ளையிடம் ‘எ’வை மட்டும் காட்டினால், “அ, ஆ, இ, ஈ...” என்று முணுமுணுத்தபடி அங்கே வந்து சேரும். அது எழுத்தை அறிந்த பிள்ளை அல்ல, வரிசையை அறிந்த பிள்ளை.

எழுத்துக் குழுவுக்கு 247-ஐயும் பலகையில் எழுதிப்போடுவதுதான் வழக்கமான தவறு. ப, ட, ம, ர, க, ல ஆகிய ஆறும் புள்ளியும் தெரிந்தாலே படம், மரம், கல், பகல், கடல் எல்லாம் வாசிக்கலாம். துணைக்கால் சேர்ந்ததும் பால், கால், பாடம், காகம் வந்துவிடும். அட்டையில் எழுதி, பிள்ளைகளையே அடுக்கிச் சொல் உண்டாக்கச் சொல்லுங்கள்.

சிக்கல் ஒற்றைக்கொம்பில் தொடங்கும். குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. கு, டு, து, மு ஆகியவற்றுக்குப் பொதுவான வடிவமே இல்லை. இவற்றை விதியாகச் சொல்லிக் குழப்பாமல் குடை, முயல் போன்ற சொற்களில் வைத்து, ஒரு வாரம் தனியாகவே பழக்குங்கள். பிள்ளை ‘பகல்’ என்பதைப் ‘பக்கல்’ என்று வாசித்தால் திருத்த அவசரப்படாமல் “அப்படி ஒரு சொல் கேட்டிருக்கிறாயா?” என்று கேளுங்கள். காதே திருத்திக்கொள்ளும்.

சொல், பத்தி நிலைக் குழுக்களுக்குத் தினமும் ஒரு சிறு கதை. நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து, பிறகு ஒவ்வொருவராக. கடைசிப் பத்து நிமிடம் கதையைப் பற்றிய பேச்சு. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டும் கொடுக்கலாம்.

பத்து நாளுக்கு ஒருமுறை மறுபடி சோதித்து, முன்னேறியவரை அன்றே அடுத்த குழுவுக்கு மாற்றுங்கள். குழுக்களுக்கு எண் போடாமல் பூ, பறவைப் பெயர் வையுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் வெட்கத்திலேயே நின்றுவிடும். பெரிய பிள்ளைகளுக்குத் தனி நேரம் வேண்டும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பால் வராமல் போகும் பிள்ளைகள் பலர். சின்னதையும் கூட்டிவரச் சொல்லி ஒரு படப்புத்தகம் கொடுத்துவிடுங்கள்.

எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. குழுவுக்கு இரண்டு தன்னார்வலர், கதவு திறந்திருக்க வேண்டும். ஒருவர் விலகினாலும் வகுப்பு நிற்காது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் படம் எடுக்க வேண்டாம்.

கொடுத்த புத்தகங்களின் எண்ணிக்கையை நன்கொடையாளருக்கு அனுப்பாமல், தொடக்கத்தில் எந்த நிலையில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்ற கணக்கை அனுப்புங்கள். நடுவில் நின்றவர்களையும் அதில் காட்டுங்கள். தடுமாறுகிறவர்கள்தான் முதலில் நிற்பார்கள். அவர்களை விட்டுவிட்டால் யாரும் எதுவும் கற்காமலே சராசரி ஏறிவிடும்.